பல் பிடுங்கப் பயமா?

நைட்ரஸ் ஆக்சைடு எனும் சிரிப்பூட்டும் வாயுவை 1844-இல் முகர்ந்து, தன் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்தவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ். இன்று ஆக்சிஜனுடன் கலந்து மூக்கு வழியே தருகிறார்கள். பதற்றம் தணியும், நினைவு தப்பாது. மரத்துப்போகச் செய்யும் ஊசி தனியாக உண்டு. கை தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. கம்ப்ரசர் காற்றைச் சுவாசித்து ஆழத்துக்குப் போய் வந்த உடம்பில் நைட்ரஜன் குமிழிகள் இருக்கலாம். சிரிப்பூட்டும் வாயு அவற்றைப் பெரிதாக்கும். கடைசியாக எப்போது சங்கு குளித்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நோயாளியே பொத்தானை அழுத்தி, நரம்பு வழியே மயக்க மருந்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொள்ளும் முறையும் உண்டு. துணைக்கு வந்தவர் அந்தப் பொத்தானை அழுத்தவே கூடாது. இப்படி மருந்து ஏற்றிக்கொண்டால் 24 மணி நேரம் பைக் ஓட்டாதீர்கள்.