ஆங்கிலம் அறிவோம்: ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்

சென்ற கல்வியாண்டில் நம் அறக்கட்டளைக்கு வந்த உதவித்தொகை விண்ணப்பங்களில் ஒன்றை ஒரு மாணவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அத்தா 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' பணம் அனுப்புவதாக அதில் இருந்தது. வருமானமே இல்லாத குடும்பம் என்று எண்ணி, அவர் பெயரைப் பட்டியலில் மேலே வைத்தோம். வீட்டுக்கு விசாரிக்கப் போனபோது தாயார், "மாசம் பொறந்தா தவறாம அனுப்பிடுவாங்க" என்றார். மூன் என்றால் பிறை, பிறைக்கு ஒரு மாதம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் பிள்ளை! பொய் சொல்லும் எண்ணம் அவருக்கில்லை. ஆனால் நாங்கள் விசாரிக்காமல் விட்டிருந்தால், தகப்பனை இழந்த வேறொரு பிள்ளைக்குச் சேர வேண்டிய தொகை கைமாறியிருக்கும்.

இத்தொடரின் பொருள் நேர் எதிரானது: மிக மிக அரிதாக. நம் வழக்கில் 'அத்தி பூத்தாற்போல்' என்போமே, அதுதான்.

ப்ளூ மூன் என்பதற்கு இன்று வழங்கும் விளக்கம், ஓர் ஆங்கில மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவு. நிறமெல்லாம் மாறாது. 2023 ஆகஸ்டில் அப்படி வந்தது. ஒரு முழுநிலவிலிருந்து அடுத்ததற்குச் சுமார் 29½ நாள். ஆகவே பிப்ரவரியில் இரண்டு அடங்காது. மற்ற மாதங்களிலும் இரண்டரை, மூன்று ஆண்டுக்கொரு முறைதான். அய்யாமுல் பீழ் நோன்பு வைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் ஹிஜ்ரி மாதத்தில் இதற்கு வழியே கிடையாது. இந்த விளக்கமும் 1946இல் ஓர் அமெரிக்க வானியல் இதழ் பழைய பஞ்சாங்கக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதியதால் பரவியது. மரபுத்தொடர் அதற்கு வெகுகாலம் முந்தியது. எனவே சொல்பவர் ஆண்டுகளை எண்ணிச் சொல்வதில்லை. (1883இல் கிரகடோவா எரிமலை வெடித்தபின் எழுந்த தூசியால் சில ஊர்களில் நிலா நிஜமாகவே நீலமாகத் தெரிந்ததுண்டு.)

பேச்சில் தாராளமாகச் சொல்லலாம்: 'ஹி கம்ஸ் ஹோம் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்', அவர் ஊருக்கு வருவதே அபூர்வம். 'ட்வைஸ்' என்றோ 'மூன்ஸ்' என்றோ மாற்றக் கூடாது. விண்ணப்பம், வங்கிக் கடிதம், நேர்முகத் தேர்வு போன்றவற்றில் இது வேண்டாம், 'ரேர்லி' போதும். எத்தனை முறை என்று கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள்.

அந்த மாணவர் திருத்தித் தந்த தாளில் 'எவ்ரி மந்த்' என்று இருந்தது. முழுத்தொகை இல்லாவிட்டாலும் புத்தகச் செலவுக்கு அவருக்கும் கொடுத்தோம்.