கிருமியைக் கொல்லும் மேற்பரப்பு

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமீதுள்ள புதூர்நாடு முதலான ஊர்களில், மழை பிடித்துவிட்டால் ஊற்றுநீரும் கிணற்று நீரும் கலங்குதல் இயல்பு. நல்ல நீரைக் கொணர்ந்தாலும், குடத்தினுள் அழுக்குக் கை பட்டால் அது மீண்டும் கெடும். வயிற்றுப்போக்குக்கு முதலில் இரையாவோர் குழந்தைகளே. கிருமி வந்து தங்கும் பரப்பையே அதற்குப் பகையாக்க இயலுமா என்பதை இப்பாடத்தில் காண்போம்.

செம்பு செய்யும் வேலை

ஈரம் படும்பொழுது செம்பிலிருந்து மின்னேற்றம் பெற்ற நுண்ணிய செம்புத் துகள்கள் வெளிப்படுகின்றன. அவை பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்து, உட்புகுந்து அதனை மாய்க்கின்றன. வெள்ளி கலந்த பூச்சுகளும் ஏறக்குறைய இவ்வகையிலேயே செயற்படுகின்றன.

பெங்களூரு ஆய்வாளர் சிலர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. காலரா, டைபாய்டு, சீதபேதி ஆகியவற்றை விளைவிக்கும் பாக்டீரியாக்களை, ஒரு மில்லிலிட்டருக்கு 500 என்னும் அளவில் நீரில் கலந்து, செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தனர். பின்னர்ச் சோதித்தபொழுது அவற்றுள் எதுவும் வளரவில்லை. நீரில் கரைந்த செம்போ லிட்டருக்கு ஏறத்தாழ 0.18 மில்லிகிராமே, உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 2 மில்லிகிராம்.

கவனிக்க வேண்டியவை

பரப்பு கிருமியைத் தொட்டால்தான் கொல்லும். அதற்குக் காலமும் வேண்டும். ஆகவே மாலையில் நிரப்பிய நீரை மறுநாள் காலையில் பருகுக. எண்ணெய்ப் பிசுக்கும் களிம்பும் சேராதவாறு குடத்தைப் புளியிட்டுத் துலக்குக. உள்ளே ஈயம் பூசிய பாத்திரம் இதற்குப் பயன்படாது. நீர் செம்பைத் தொடாதன்றோ? மோர், புளிக்கரைசல் முதலிய புளிப்புப் பொருள்களைச் செப்புக் கலத்தில் வைத்தல் தீங்கு. செம்பு மிகுதியாகக் கரைந்துவிடும். கலங்கல் நீரைத் தெளியவைத்து வடிகட்டிய பின்னரே ஊற்றுக. மேற்கூறிய ஆய்வு தெளிந்த நிலத்தடி நீரைப் பற்றியது. மிகவும் அசுத்தமான நீருக்கு அதனை உறுதியாகக் கொள்ளலாகாது.

பஞ்சாயத்தின் கடமை

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-இல் செம்புக் கலவைகளைக் கிருமிக்கொல்லிப் பரப்புகளாகப் பதிவு செய்தது. முறையாகத் துடைத்துவரின் 2 மணி நேரத்தில் 99.9 விழுக்காடு பாக்டீரியாவை அவை அழிக்கும் என்பது அப்பதிவு. இன்று "கிருமிநாசினி" என்னும் பெயருடன் வண்ணப்பூச்சுகளும் ஓடுகளும் விற்பனைக்கு வருகின்றன. அங்கன்வாடிக்கோ சுகாதார நிலையத்துக்கோ அவற்றை வாங்குமுன், எந்தக் கிருமிமீது, எத்தனை மணி நேரம், ஈரத்திலா உலர்ந்த நிலையிலா சோதித்தனர் என்று அங்கத்தினர்கள் கேட்டறிதல் வேண்டும். 24 மணி நேரம் ஈரத்தில் வைத்துப் பெற்ற முடிவு, பலர் கை மாறி மாறித் தொடும் உலர்ந்த கைப்பிடிக்கு அப்படியே பொருந்தாது.

செப்புக் குடம் வீட்டின் காவல். குளோரின் ஊரின் காவல். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் குளோரின் எஞ்சியிருத்தல் அவசியம். பளபளக்கும் பூச்சை நம்பி மேல்நிலைத் தொட்டியைக் கழுவாமல் விட்டால், பொருட்செலவும் வீண், உயிரும் வீண்.