அம்பாப் பாட்டு கேட்க வேண்டுமா? வேலையின் பெயரைச் சொல்லித் தேடுங்கள்

இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள வாலிநோக்கத்தில் பிறந்து வளைகுடா நாட்டிலோ சென்னையிலோ பிழைக்கும் ஒருவர், தன் கரையின் பாட்டைக் கேட்க நினைத்தால் கைப்பேசியில் என்ன தட்டுவார்? ‘மீனவர் பாட்டு’ என்றுதான். உடனே 1964-ல் வந்த ‘படகோட்டி’ படப் பாடல்கள் வந்து நிற்கும். ‘படகுப் பாட்டு’ என்று மாற்றினாலும் சினிமாதான். ‘அம்பா’ என்று மட்டும் தட்டினால் அம்பாள் பக்திப் பாடல்கள் வரிசை கட்டும். பாட்டே அழிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் கைப்பேசியை மூடிவிடுவார். பாட்டு அழியவில்லை. அது வேறு பெயர்களுக்குள் கிடக்கிறது.

அம்பா என்பது மீனவர்களின் வேலைப் பாட்டு, மேடையில் பாடப் பிறந்ததல்ல. கடலில் வளைத்துப் போட்ட கரைவலையின் இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்றோ ‘ஏலா’ என்றோ வாங்கிச் சொல்வார்கள். அந்தச் சொல் விழும் கணத்தில்தான் எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கும். துடுப்புப் போடும்போதும், தோணியைக் கரையேற்றும்போதும் இப்படித்தான். அதனால் இதைப் படம்பிடித்துப் போடுபவர்கள் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று தலைப்பு வைப்பதில்லை. ‘கரைவலை மீன்பிடிப்பு’ என்றுதான் வைக்கிறார்கள். பாட்டின் பெயரை விட்டுவிட்டு வேலையின் பெயரைத் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

யூடியூபில் முதலில் ‘கரைவலை’ என்று தமிழில் தட்டுங்கள். அடுத்து ‘கரைவலை அம்பா’, ‘அம்பா பாடல் மீனவர்’, ‘தோணி தள்ளும் பாட்டு’. சினிமா குறுக்கிட்டால் தேடும் சொற்களுக்குப் பின் இடைவெளி விட்டு, கழித்தல் குறியை ஒட்டி ‘சினிமா’ என்று சேருங்கள், ஓரளவு வடிகட்டும். பிறகு அதே சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இரண்டுக்கும் வரும் பதிவுகள் வேறு வேறு. ஊர்ப் பெயரையும் சேருங்கள். வாலிநோக்கத்தை ஆங்கிலத்தில் ஒரு ‘எல்’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு ‘எல்’ போட்டும் எழுதுகிறார்கள், இரண்டையும் பாருங்கள். வாலிநோக்கத்தோடு நிற்காமல் மாரியூர், ஏர்வாடி, கீழக்கரை, பாம்பன், தங்கச்சிமடம் என்று கரை நெடுக மாற்றிப் போடுங்கள். கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையையும் விட வேண்டாம். முல்லைத்தீவு, மட்டக்களப்புக் கரைவலைக்காரர்களும் இதை அம்பா என்றே சொல்கிறார்கள்.

கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலும் ஒருவர் கேமராவைப் பார்த்து மீன் விலை பேசிக்கொண்டிருப்பார். பாட்டு அவருக்குப் பின்னால் காற்றில் கலந்து கேட்கும். காதில் மாட்டும் கருவியோடு கேளுங்கள். வேகத்தை 0.75 ஆகக் குறைத்தால் சொற்கள் பிரிந்து வரும். நல்ல இடம் வந்ததும் அந்த நிமிடத்தையும் நொடியையும் குறித்துவையுங்கள். ஒரு மணிநேரக் காணொளியில் இரண்டு நிமிடம் அம்பா இருந்தால் அந்த இரண்டு நிமிடம்தான் உங்கள் சேகரிப்பு.

அடுத்தது வானொலி. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி 90.4 பண்பலையில் இயங்கிவருகிறது. மீனவர்களுக்காக, மீனவ மக்களே பேசிப் பாடி நடத்தும் நிலையம். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கும் திறன் குறைவு என்பதால் அலை 10, 15 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். வாலிநோக்கம் வரை எட்டாது. ஆகவே செயலிக் கடையிலும் யூடியூபிலும் ‘கடல் ஓசை’ என்று தேடுங்கள். அகில இந்திய வானொலியின் தூத்துக்குடி, மதுரை நிலையங்களைக் கேட்க பிரசார் பாரதியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலி போதும், காசு இல்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் தொடங்கிய ‘பாரி’ இணையதளத்தை நிதானமாகப் பாருங்கள். கடல் ஓசை பற்றியும், இந்தக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் பற்றியும் அதில் தமிழிலேயே படிக்கலாம். அங்கே இருக்கும்போது மராட்டியப் பெண்களின் திரிகைப் பாட்டுத் தொகுப்பையும் திறந்து பாருங்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டுகள் கொண்ட சேகரிப்பிலிருந்து பலவற்றைப் பாடியவர் பெயர், ஊர், படம், ஒலி, மொழிபெயர்ப்பு என்று அடுக்கியிருக்கிறார்கள். மாவு அரைக்கும் இயந்திரம் வந்து திரிகை நின்றபின்னும் அந்தப் பாட்டுகளைக் கேட்க முடிகிறது. நம் அம்பாவுக்கு இப்படி ஒன்று வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

சொற்கள் புரியாவிட்டால் எழுத்துக்குப் போக வேண்டும். ஈழத்து நூல்களை இலவசமாகத் தரும் நூலகம் திட்டத்தின் தளத்தில் ‘நாட்டார் பாடல்கள்’ என்று தேடினால் தொகுப்புகள் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டார் பாடல்களைத் தொகுத்த நா. வானமாமலையின் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

வாலிநோக்கம் முஸ்லிம் மக்கள் மிகுந்து வாழும் ஊர். அதனால் அம்பா மட்டும் போதாது. முஸ்லிம்களின் பாட்டு, விழாப் பெயர்களான ‘பைத்து’, ‘முனாஜாத்து’, ‘பக்கீர்சா பாட்டு’, ‘ஏர்வாடி சந்தனக்கூடு’ ஆகியவற்றையும் தேடல் சொற்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இஸ்லாமியப் பாடகர் நாகூர் ஈ.எம். ஹனிபா 1925-ல் பிறந்ததும் இராமநாதபுரத்தில்தான். அவர் பதிவுகள் ஏராளமாகக் கிடைப்பதால் தேடல் முடிவு முழுவதையும் அவர் குரலே நிறைத்துவிடும். ஊர்க்காரர்களின் குரல் வேண்டுமென்றால், பார்த்தவர் எண்ணிக்கை குறைந்த பதிவுகள் வரை இறங்கிப் போங்கள்.

பிற கடல்களையும் கேட்டால் நம் பாட்டு இன்னும் தெளிவாகக் காதில் விழும். பஹ்ரைன் முத்துக்குளிப்பவர்களின் ‘ஃபிஜிரி’யை யுனெஸ்கோ 2021-ல் தன் பட்டியலில் சேர்த்தது, மண்பானையைத் தட்டிப் பாடும் பாட்டு அது. மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை நடந்ததே தமிழகத்தின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் ‘மென்ஹேடன் சாண்டிமென்’ என்றொரு குழு இருந்தது. வலை இழுக்கும் இயந்திரம் வந்து பாட்டு நின்றுபோனபின், வேலையிலிருந்து ஓய்ந்த கறுப்பின மீனவர்கள் 1988-ல் மறுபடி ஒன்றுகூடிப் பாடினார்கள். கேட்டால் மொழி புரியாது. மூச்சும் இழுப்பும் புரியும். இழுப்பதற்கு முன் வரும் இடைவெளி நம் கரைவலையில் வருவதுதான்.

கடைசி வேலை உங்களுடையது. இணையத்தில் இல்லாத பாட்டு வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் ‘பாட்டு தெரியுமா?’ என்று கேட்காதீர்கள். தெரியாது என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்கு அது பாட்டல்ல. ‘காக்கா, எஞ்சின் வர்றதுக்கு முந்தி வலை இழுக்கையில என்ன சொல்லி இழுப்பீங்க?’ என்று கேளுங்கள். கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தால் இன்னும் நல்லது, உடம்புக்கு முதலில் நினைவு வரும். பெண்களிடம் தாலாட்டு கேட்கலாம். ஒப்பாரியைச் சாவு இல்லாத வீட்டில் பாடச் சொல்லி வற்புறுத்துவது தவறு. அவர்களே முன்வந்தால் மட்டும் கேளுங்கள்.

பதிவு செய்யும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். கைப்பேசியின் மைக் மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சுற்றினால் இரைச்சல் குறையும். ‘வேவ்’ வடிவில் பதியும் செயலி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வாட்சப்பில் ஒலிச்செய்தியாக அனுப்பினால் தரம் கெடும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள். பொதுவில் போடலாமா, பெயர் சொல்லலாமா என்று இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் பதிவிலேயே சேர்த்துவிடுங்கள்.

சம்மதம் கிடைத்தால் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாக ஏற்றலாம். தலைப்பில் ஊரையும் வேலையையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். விவரப் பகுதியில் பதிந்த தேதி, துடுப்புக்கா வலைக்கா தோணி தள்ளவா, எத்தனை பேர் சேர்ந்து இழுத்தது, எந்தக் காற்றுக் காலம் ஆகியவற்றைச் சேருங்கள். ஏற்றியபின் இணைப்பைப் பாடியவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூலக் கோப்பை நினைவக அட்டையில் ஒரு பிரதி எடுத்து அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.