உங்கள் கதாபாத்திரம் எதை விட்டுக்கொடுக்கும்?

பத்திரிகைக்குச் சிறுகதை அனுப்பினாலும் சரி, வெப் சீரிஸுக்கு ஒன்லைன் எழுதினாலும் சரி, புதியவர்கள் இடறுவது ஒரே இடத்தில்தான். 'ரவிக்கு வயது 28. மாநிறம். கூர்மையான கண்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை.' இது கல்யாணத் தரகர் தரும் விவரம். ரவி யாரென்று வாசகருக்கு இன்னும் தெரியாது. அவன் முன்னால் இரண்டு ஆசைகளை வைத்து, ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஆள் வெளியே வந்துவிடுவான்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை இதற்காகவே ஒருமுறை எடுத்துப் படிக்கலாம். பிராட்வே முனையில் நிற்கும் பிள்ளை திருவல்லிக்கேணிக்குப் போக வேண்டும். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை பாக்குப் போடலாம். பஸ்ஸில் ஏறி, சென்ட்ரல் தாண்டும்வரை கண்டக்டருக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு டிக்கெட் எடுத்தால் அரை கப் காப்பி உண்டு, வெற்றிலை கிடையாது. இந்த அணாக் கணக்கிலேயே அவருடைய வரும்படி, சபலம், சில்லறைத் திருட்டுத்தனம் எல்லாம் வந்துவிட்டது. அதனால்தான், கடவுளே எதிரில் வந்து நின்றாலும் தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா பிடிக்கப் பார்க்கும் மனிதரை நாம் மறுபேச்சில்லாமல் நம்புகிறோம்.

ஆகவே, எழுத உட்காரும் முன் பயோடேட்டா தயாரிக்க வேண்டாம். மாதக் கடைசி. கையில் 200 ரூபாய். உங்கள் ஆள் எதை வாங்குவார், எதைத் தள்ளிப்போடுவார், வீட்டில் என்ன சொல்லிச் சமாளிப்பார்? அரைப் பக்கம் எழுதுங்கள். அது கதையில் வராமலே போகலாம், பரவாயில்லை.

எழுதி முடித்த பிறகும் பாத்திரம் சவசவவென்று இருந்தால், அதன் முக்கியமான முடிவு ஒன்றை மாற்றிப் பாருங்கள். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையில், மழை நாளில் யாரோ ஒருவன் காரில் ஏறிச் சீரழிந்து திரும்பும் மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்கிறாள். அதே தாய் ஊரைக் கூட்டியிருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து ஒரு முழு நாவலே கிடைத்தது: 1972இல் சாகித்ய அகாடமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'.

வசனத்துக்குச் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் போதும். பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தாலும் குறும்பு யாருடையது என்று தெரிந்துவிடும். உங்கள் வசனத்தையும் அப்படி மறைத்துப் படியுங்கள். (நெல்லைக்காரர் என்று காட்ட நாலு 'ஏலே' தூவுவது வட்டார வழக்கு ஆகாது.)

சீரியல், ஆடியோ தொடர் என்றால் பலர் சேர்ந்து எழுதுவார்கள். அங்கே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு அவசியம். யாரிடம் பொய் சொல்வாள், யாரை எப்படிக் கூப்பிடுவாள் என்பது அதில் இருக்கட்டும். மாமியாரை 'அத்தை' என்று அழைத்து வந்த மருமகள் 40ஆம் எபிசோடில் 'அம்மா' என்றால், அதற்குக் காரணம் கதையில் இருக்க வேண்டும். எழுத்தாளர் மாறியது காரணமாக இருக்கக் கூடாது.

அனுப்பும் முன், உங்கள் ஆள் எந்தப் பக்கத்தில் முதன்முதலாக ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்கிறார் என்று தேடுங்கள். மூன்றாம் பக்கம் என்றால், முதல் இரண்டையும் தூக்கிவிட்டு அங்கிருந்தே தொடங்குங்கள்.