தேனியில் டயர்க் கடை வைத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

தேனியில் சொந்தமாக டயர்க் கடை திறந்து, வீல் அலைன்மென்ட் இயந்திரமும் வாங்கிப் போட்டிருக்கிறாய் என்று அறிந்து மிகுந்த சந்தோஷமடைந்தேன். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் ஒருவர், பின் டயர் இரண்டும் தேய்ந்த நிலையில் வந்து நின்றால், அதே ரகம் கடையில் இல்லாதபோது அளவு ஒத்த வேறு ரகத்தைப் பூட்டி அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். உன் விடையை நம்பி ஒருவர் மலை இறங்கப் போகிறார் ஆகையால், சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

225/45 ஆர் 17, 91 டபிள்யூ என்று டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பதை நீ தினமும் பார்க்கிறாய். அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், ரேடியல் அமைப்பு, ரிம்மின் விட்டம் 17 அங்குலம், தாங்கும் பாரம் 615 கிலோ, வேகத்தின் எல்லை மணிக்கு 270 கிலோமீட்டர் என்பது அதன் பொருள். இவ்வளவும் ஒத்துவிட்டால் இரண்டு டயர்களும் சமம் என்று வாடிக்கைக்காரர் எண்ணுவது சகஜம். ஆனால் ரப்பர்க் கலவை எவ்வளவு மிருதுவானது, உள்ளிருக்கும் எஃகுப் பட்டைகள் எவ்விதம் அமைந்திருக்கின்றன, சாலையைத் தொடும் பட்டன் மழைநீரை எத்தனை விரைவில் வெளியே தள்ளும் என்னும் விஷயங்களில் ஒன்றையேனும் அந்த எழுத்துக்கள் தெரிவிப்பதில்லை.

வளைவில் கார் திரும்பும்போது, டயர் தான் நோக்கும் திசையிலேயே உருண்டு செல்வதில்லை. சிறிது பக்கமாக நழுவிக்கொண்டே, அந்த நழுவலிலிருந்துதான் காரைத் திருப்பும் பலத்தைப் பெறுகிறது. எவ்வளவு நழுவினால் எவ்வளவு பலம் கிடைக்கும் என்பது ரகத்துக்கு ரகம் மாறுபடும். முன் சக்கரங்கள் அதிகம் நழுவினால் கார் வளையாமல் வெளிப்பக்கம் போகும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கிலேயே அதை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும். பின் சக்கரங்கள் அதிகம் நழுவினாலோ, வாகனத்தின் பின்பாகமே சுழன்று முன்னே வரப் பார்க்கும். அதைத் திருத்தும் சாமர்த்தியம் பந்தயத்தில் பழகியவர்களுக்கே வாய்த்தது.

முன்னும் பின்னும் ரகம் மாறுவதால் வரும் இந்தத் தோஷம் உன் கடை வாசலில் புலப்படாது என்பதை மிக முக்கியமாகக் கருதுகிறேன். ரகம் மாறிய டயர்களைப் பூட்டி, அலைன்மென்ட் பார்த்து, பெரியகுளம் சாலையில் ஓட்டிப் பார்த்தால் கார் நேராகவே போகும். ஒரு குறையும் தோன்றாது. அதே கார் ஜூன், ஜூலை மாதத்துச் சாரலில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வரும் சந்தர்ப்பத்தை எண்ணிப் பார். சரிவில் பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னே சாய்ந்து, பின் சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன, சாலையோ ஈரம், அப்போது பின்னால் பூட்டியது பிடிப்புக் குறைந்த ரகமாயிருந்தால், சமதரையில் மறைந்திருந்த பேதம் ஒரே வளைவில் வெளிப்பட்டுவிடும். குமுளி சாலைக்கும் கம்பம் மெட்டுக்கும் இது பொருந்தும்.

நம் பள்ளத்தாக்கில் இரட்டை மாட்டு வண்டிப் பந்தயம் நடத்துவோர், கரிச்சானும் தேன்சிட்டும் தனித்தனி வகுப்பு என்று மாடுகளைத் தரம் பிரித்து, ஒத்த ஜோடியைத்தானே நுகத்தில் பூட்டுகிறார்கள்? ஓர் அச்சின் இரு முனைகளுக்கும் அதே நியாயந்தான். இடப்பக்கம் ஒரு ரகமும் வலப்பக்கம் வேறு ரகமும் பூட்டுவதை எந்த நிர்ப்பந்தத்திலும் செய்யாதே.

இதனால் முன்னும் பின்னும் எப்போதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். போர்ஷே 911 கரேரா எஸ் காரின் இன்றைய தலைமுறைக்கு முன்னால் 245/35 ஆர் 20, பின்னால் 305/30 ஆர் 21 என்று விட்டம் உட்பட வெவ்வேறாகவே தொழிற்சாலை நிர்ணயித்திருக்கிறது. எஞ்சின் பின்னால் அமைந்திருப்பதையும் பாரம் விழும் விதத்தையும் பரீட்சித்துப் பார்த்துத் தீர்மானித்த பேதம் அது. தான் அங்கீகரித்த டயரில் ‘என்’ என்னும் ஆங்கில எழுத்தையும் ஓர் இலக்கத்தையும் அந்நிறுவனம் பொறிக்கச் செய்கிறது. பொறியியலாளர் தீர்மானித்த பேதத்துக்கும், கடையில் அன்றைக்கு இருந்த சரக்கு தீர்மானித்த பேதத்துக்கும் சம்பந்தமே இல்லை.

விலை உயர்ந்த ரகம் எங்கும் நன்மையே செய்யும் என்னும் நம்பிக்கையும் நிலைக்காது. 2005-ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், சாய்தளமான 13-ஆவது வளைவை மிஷெலின் டயர்கள் தாங்கமாட்டா என்று தெரிந்ததால், 20 கார்களில் 14 கார்கள் பந்தயம் தொடங்குமுன்பே விலகிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய 6 கார்களே ஓடின. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். அவ்வாண்டின் 19 பந்தயங்களில் மற்றப் பதினெட்டையும் வென்றவை மிஷெலின் பூட்டிய கார்களே என்பதை இத்துடன் சேர்த்து நினைத்துப் பார். உலகத்தின் மிகச் சிறந்த டயரும் தனக்கு உரியதல்லாத ஒரு வளைவில் உதவாமற்போயிற்று. ஆகவே பந்தயக்களத்துக்கென்று செய்த மென்ரப்பர் டயரை முன்னால் மட்டும் பூட்டச் சொல்லி எவரேனும் வந்தால், சாரல் நனைத்த குளிர்ந்த சாலையில் அந்த ரப்பர் தனக்கு வேண்டிய சூட்டை அடையாது என்று எடுத்துச் சொல்.

நான்கு சக்கரங்களுக்கும் சக்தி பாயும் கார்களில் வேறொரு சங்கடமும் உண்டு. 8 மில்லிமீட்டர் பட்டன் உள்ள புது டயரையும் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்த பழைய டயரையும் சேர்த்தால், சுற்றளவில் சுமார் ஒன்றரைச் சதவீத வித்தியாசம் உண்டாகி, முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் உழைத்துச் சூடேறும்.

ஆகையால் உன் கேள்விக்கு என் அபிப்பிராயம் இது. அதே ரகத்தில் ஒரு ஜோடியை மதுரையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வரவழைத்துப் பூட்டு. கிடைக்காவிடில் நான்கையும் வேறொரு ரகத்தில், தொழிற்சாலை விதித்த அளவிலேயே, ஒருங்கே மாற்று. முன்னும் பின்னும் ஒரே அளவுள்ள காருக்கு அதே ரகத்தில் இரண்டு மட்டுமே வாங்க வசதியிருந்தால், முன் சக்கரங்கள் இழுக்கும் காராயினும் புதியவற்றைப் பின்னால் பூட்டி, தேய்மானம் குறைந்த பழையவற்றை முன்னால் போடு. ஒவ்வொரு டயரின் ரகத்தையும், அது உற்பத்தியான வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்களையும் ரசீதில் எழுதிக் கொடு. இவற்றுக்கு இணங்காதவர் எத்தனை பெரிய மனிதராயினும், பணத்தைத் திருப்பிக் கொடுத்து, காரைத் தொடாமல் அனுப்பிவிடு, தம்பி.

அன்புடன்,
உன் அண்ணன்