மறைந்தவரின் காரும் உறவினர் கையிலுள்ள சாவியும்

குடும்பத் தலைவர் ஒருவர் மறைந்த பின், அவருடைய சேமிப்புக் கணக்கு, வைப்புத்தொகை, வீட்டுக்கடன் ஆகியவை குறித்துக் குடும்பத்தார் எங்கள் கிளைகளுக்கு வந்து கேட்கின்றனர். காரைப் பற்றி முதலில் கேட்பவர் அரிது. சாவியை எடுத்தவரிடம் கார் போய்ச் சேர்ந்துவிடுகிறது. துக்க வீட்டில் அதைப் பற்றிப் பேசுவது முறையன்று என மற்றவர்களும் இருந்துவிடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். புணே நகரில் பணிபுரிந்த ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் உள்ளனர். காரியம் முடிந்த மறுநாள் அவருடைய தம்பி, "அண்ணி, வண்டி சும்மா நின்றால் பேட்டரி போய்விடும். நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று கூறிக் காரைக் கொண்டுசெல்கிறார். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், "அம்மாவே எனக்குக் கொடுத்துவிட்டார்களே" என்கிறார்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மகன், மகள் நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்குக் கால் பங்கு. அவர்கள் இருக்கையில் தம்பிக்குப் பங்கில்லை. தாய்க்கு உரிமை உண்டு என்பது உண்மை. ஆயினும் தம் கால் பங்கைத்தான் அவர் பிறருக்குக் கொடுக்க இயலும், முழுக் காரையும் அன்று. மாமியாரிடம் இதைச் சொல்வது மருமகளுக்கு எளிதன்று. எனவே குடும்பத்தில் மூத்தவர் ஒருவரைக் கொண்டு சொல்லச் செய்வது நன்று. பிற சமயத்தார்க்கு அவரவர்க்குரிய வாரிசுரிமைச் சட்டப்படி பங்குகள் மாறும்.

உரிமைக்கு அடுத்தபடியாக நாம் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 56ஆம் விதிப்படி, பதிவு பெற்ற உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் மரணத்தையும், வாகனத்தைத் தாம் பயன்படுத்த எண்ணுவதையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அடுத்த உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு தெரிவித்தால் 3 மாதம் வரை வாகனத்தைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31 வாயிலாகப் பெயர் மாற்றம் கோர வேண்டும். காப்பீட்டுக்கும் ஏறத்தாழ இதே கெடுதான். தனிநபர் கார் பாலிசி, உரிமையாளர் இறந்த நாளிலிருந்து 3 மாதம் வரையிலோ பாலிசிக் காலம் முடியும் வரையிலோ, எது முந்தியதோ அதுவரை செல்லும்.

மேற்கண்ட தம்பி நான்காம் மாதத்தில் விபத்து ஒன்றில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கலாம். இழப்பீட்டு வழக்குகளில் பதிவுச் சான்றில் உள்ள பெயரையே உரிமையாளராகக் கொள்ள வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அந்தப் பெயர் மறைந்தவருடையது என்னும்போது, ஓட்டாத காருக்காக வாரிசுகளுக்கும் அழைப்பாணை வரக்கூடும். "ஒரு கார்தானே, போகட்டும்" என்று விட்டுவிடுவது பெருந்தன்மையாகத் தோன்றினாலும், நாம் அதனைப் பரிந்துரைப்பதில்லை.

முதலில் செய்ய வேண்டியது சண்டையன்று, கடிதம். காரைக் குறிப்பிட்ட நாளுக்குள் ஒப்படைக்கக் கோரி உறவினருக்கு விரைவுத் தபாலில் ஒன்று; வாரிசுகளின் ஒப்புதலின்றிப் பெயர் மாற்றம் செய்ய வேண்டாம் எனப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒன்று; காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒன்று. இறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, ஒப்புகைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துக. மறைந்தவரின் கைப்பேசி எண்ணை உடனே துண்டித்துவிட வேண்டாம். கார் சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் ஃபாஸ்டாக் குறுஞ்செய்தி அவ்வெண்ணுக்குத்தான் வரும். வண்டி எங்கே ஓடுகிறது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

காருக்குக் கடன் நிலுவை இருந்தால் வங்கியிடம் உடனே சொல்லுங்கள். தவணை நின்றால், கார் எவர் கையில் இருந்தாலும் அதன் மீது வங்கிக்குள்ள ஈட்டுரிமை நீங்காது. கடனுடன் ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டிருந்தால் நிலுவை அதிலிருந்தே தீரவும் கூடும். வாரிசுகள் தாம் பெற்ற சொத்தின் அளவுக்கே கடனுக்குப் பொறுப்பாவர் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

கடிதத்துக்குப் பயன் இல்லையெனில்? மறைந்தவரின் உடைமையை நேர்மையற்ற எண்ணத்துடன் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 315ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆனால் எதிர்த்தரப்பு உறவினராக இருந்து, "அம்மா கொடுத்தார்" என்றும் கூறினால், இது உரிமையியல் பூசல் எனக் காவல் நிலையம் திருப்பி அனுப்பக்கூடும். பலரும் அறியாத வழி ஒன்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் உள்ளது. அதன் 192ஆம் பிரிவின்படி, இறந்தவரின் சொத்தை உரிமையற்றவர் கைப்பற்றினால் வாரிசு மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். இறந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முறையிட்டாக வேண்டும். அக்கெடு கடந்தால் வழக்கமான உரிமையியல் வழக்கே வழி. காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால், வழக்குச் செலவையும் கணக்கிட்டு வழக்கறிஞருடன் கலந்து முடிவெடுக்க வேண்டும்.

தம்பியே காரை வைத்துக்கொள்ளட்டும் எனக் குடும்பம் மனமொப்பி முடிவு செய்வதும் உண்டு. அப்போதும் முதலில் மற்ற வாரிசுகளின் மறுப்பின்மைக் கடிதங்களுடன் படிவம் 31 கொடுத்து மனைவி பெயருக்குப் பதிவை மாற்ற வேண்டும். பிறகு விலையோ கொடையோ எழுத்தில் பதிந்து, படிவங்கள் 29, 30 வாயிலாகத் தம்பி பெயருக்கு மாற்றலாம். அவர் பெயரில் காப்பீடும் மாறிய பின்னரே சாவியைக் கொடுக்கவும்.