குழாய்க்குப் பக்கத்தில் கிணறு போடப்போகிறவளுக்கு

அன்புள்ள கயல்,

குழாய் கசிந்தால் தோண்டி அடைத்துவிட வேண்டியதுதானே, சுற்றிலும் எதற்கு இத்தனை கிணறு என்று கேட்டிருந்தாய்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஹன்டர்ஸ்வில் என்று ஓர் ஊர். 2020 ஆகஸ்ட் 14 அன்று அங்குள்ள இயற்கைக் காப்பகத்தில் வண்டி ஓட்டித் திரிந்த இரண்டு பையன்கள், தரையில் பெட்ரோல் ஊறி வருவதைப் பார்த்துச் சொன்னார்கள். அடியில் ஓடுவது கொலோனியல் நிறுவனத்தின் பெட்ரோல் குழாய். 2004-இல் பழுதுபார்த்துக் கவசம் போட்ட இடத்திலேயே கசிந்திருந்தது. கட்டுப்பாட்டு அறையில் எந்த மணியும் அடிக்கவில்லை. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஒப்பிட்டுத்தான் அங்குள்ள கருவிகள் கசிவைப் பிடிக்கின்றன; ஓட்டம் பெரிதாகவும் கசிவு சிறிதாகவும் இருந்தால் வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் மறைந்துபோகும். 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வருவதை முதலில் கண்டது குடியிருந்தவர்கள்தான்.

ஹன்டர்ஸ்வில்லில் முதலில் சொன்ன கணக்கு 63,000 கேலன், அதாவது சுமார் 2.4 லட்சம் லிட்டர். 2021 தொடக்கத்தில் அது 12 லட்சம் கேலன் ஆனது; 2022-இல் ஏறக்குறைய 20 லட்சம். மண்ணிலிருந்து மீட்ட பெட்ரோலே முதல் கணக்கைப் பல மடங்கு தாண்டிவிட்டது. ஓட்டையைப் பார்த்து அது எத்தனை நாளாக ஒழுகியது என்று யாராலும் சொல்ல முடியாது. மண்ணுக்குள் எவ்வளவு, எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான் கிணறுகள்.

ஆனால் கிணறும் நேராகப் பேசாது. பெட்ரோல் நீரைவிட இலேசானது. மண்ணில் இறங்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரம் ஏறி நிற்கும் பகுதியில் தங்கும். கிணற்றுக்குள் மண் இல்லை, அந்த ஈரப்பகுதியும் இல்லை. அதனால் சுற்றியுள்ள பெட்ரோல் உள்ளே வடிந்து, தன் எடையால் நீரைக் கீழே அழுத்தி, மண்ணில் இருப்பதைவிடத் தடிமனாக நிற்கும். அளவு நாடாவை இறக்கும்போது கவனி: பல கருவிகளில் எண்ணெயைத் தொட்டதும் ஒரே நீளமாக ஒலிக்கும், தண்ணீரைத் தொட்டதும் விட்டுவிட்டு ஒலிக்கும். இரண்டு ஆழத்தையும் எழுதிக்கொள். பெட்ரோலின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு. 1 மீட்டர் பெட்ரோல் நின்றால் நீர் 75 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். இதைத் திருத்தாமல் மூன்று கிணறுகளின் மட்டத்தை வைத்து நீரோட்டத் திசை போட்டால் அம்புக்குறி தப்பான பக்கம் திரும்பிவிடும். மழைக்குப்பின் நீர்மட்டம் ஏறி, கிணற்றில் பெட்ரோல் குறைந்தால் உடனே மகிழ்ந்துவிடாதே; மண்துளைகளில் சிக்கி நீருக்குள் மூழ்கியிருக்கும், கோடையில் மறுபடி வரும். ஒரு மாத அளவை வைத்து அறிக்கை எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை.

நாற்றம் அடிக்கிற இடம்தான் ஓட்டை என்றும் எண்ணாதே. குழாய் பதித்த பள்ளத்தை மூடிய மண் சுற்றுமண்ணைவிடத் தளர்வானது. எண்ணெய் அதன் வழியே நெடுந்தூரம் போகும். பக்கத்தில் பழைய பெட்ரோல் பங்க் இருந்தால் பழி யார்மேல் என்ற சண்டையும் வரும். அங்கே ஆய்வகம் உதவும். அமெரிக்காவில் எத்தனாலையும் ஒவ்வொரு கம்பெனிக்கும் உரிய சேர்மானங்களையும் பெரும்பாலும் குழாயில் அனுப்புவதில்லை. லாரியில் ஏற்றும் முனையத்தில்தான் கலக்கிறார்கள். சேர்மானம் தெரிந்தால் பங்க் பக்கம் சந்தேகம் போகும். எத்தனால் சீக்கிரம் சிதைந்துவிடும், அதனால் அது இல்லை என்பதை மட்டும் சாட்சியாக வைக்க முடியாது. ஈயம் இருந்தால் பழைய காலத்துப் பெட்ரோல்.

குழாயருகே துளையிடுமுன் அது எங்கே போகிறது என்று குறிக்கச் சொல். மேல்மண்ணைக் கையாலோ உறிஞ்சு இயந்திரத்தாலோ எடுத்துக் குழாயைக் கண்ணால் பார். வரைபடத்தை நம்பித் துளைக்கருவியை இறக்குவது உயிரோடு விளையாடுவது.

மாதிரி எடுப்பதில் பொறுமை வேண்டும். சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமானதில் முடி. சின்னக் கண்ணாடிக் குப்பியை விளிம்பு ததும்ப நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டு. குமிழி மேலேறினால் அந்த மாதிரி வேண்டாம், வேறு எடு. பென்சீன் அந்தக் காற்றுக்குத் தப்பிவிடும். அமெரிக்காவில் குடிநீரில் பென்சீனுக்கு அனுமதி லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். அந்த அளவில் உன் கையுறையில் ஒட்டிய துளிகூடக் கணக்கைக் கெடுக்கும். ஆகவே மாதிரி எடுக்கப்போகும் காலையில் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போடாதே. முந்தின நாளே போட்டு வை.

அன்புடன்,
பெரியப்பா